அரிவாள்மனை, சுத்தியல்: பென்சிலில் அசலாக வரைவது எப்படி? (கேள்வி பதில்)

கேள்வி: அரிவாள்மனை வரைந்தேன். இரும்பு அலகு சாம்பல் நிற அட்டை மாதிரி தெரிகிறது. ஏன்?

பதில்: அலகு முழுவதையும் விரலால் தேய்த்து மழுப்பியிருப்பீர்கள். மரக்கட்டையில் வெளிச்சம் மெல்லத்தான் குறையும். தீட்டிய இரும்பில் சட்டென்று மாறும். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்: வெட்டும் விளிம்பில் வெள்ளைக் கோடு, அதை ஒட்டியே கருப்புப் பட்டை. அந்த வெள்ளைக்கு 2எச் பென்சிலில் (கடினமானது, வெளிர் கோடு தரும்) மெல்லிசாக எல்லை போட்டு, உள்ளே காகிதத்தை அப்படியே விட்டுவிடுங்கள். பின்னால் ரப்பரால் எடுக்கும் வெள்ளை அவ்வளவு வெளுப்பாக வராது. பக்கத்துக் கருப்புக்கு 4பி (பி எண் கூடக் கூட மென்மை, கருமை அதிகம்). தீட்டாத முதுகுப் பக்கம் மங்கல்தான். அங்கே இரண்டுக்கும் நடுத்தரமான எச்பி போதும்.

கேள்வி: நுனியில் தேங்காய் துருவும் பற்கள் கோணல்மாணலாக வருகின்றன.

பதில்: பல்லில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் நீள்வட்டம், அதன் மையம், மையத்திலிருந்து கதிர்க்கோடுகள். நீள்வட்டத்தின் இரண்டு ஒடுங்கிய முனைகளிலும் பற்கள் நெருங்கும், நடுவில் இடைவெளி விடும். எல்லாவற்றையும் சம இடைவெளியில் போட்டால் ரம்பம்தான் கிடைக்கும்.

கேள்வி: 8பியில் அழுத்தியும் கருப்பு வரவில்லை, பளபளக்கிறது.

பதில்: கிராஃபைட்டின் குணம் அது. அழுத்த அழுத்தக் காகிதத்தின் சொரசொரப்பு நசுங்கி மினுங்கும். 4பியில் மூன்று நான்கு மெல்லிய அடுக்கு போடுங்கள். அதற்கும் மேலே இருட்டு வேண்டுமென்றால் கரிப் பென்சில். ஆனால் அதை முதலிலேயே போட வேண்டும். கனமான கிராஃபைட்டின் மேல் கரி பிடிக்காது. ஜெராக்ஸ் தாளில் இதெல்லாம் நடக்காது, 150 ஜிஎஸ்எம்முக்குக் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையாத கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது தடித்த ஓவியத் தாள் வாங்குங்கள்.

கேள்வி: பழைய சுத்தியல் பிடியில் உள்ள கீறல்கள்?

பதில்: ஷேடிங்குக்கு முன்பே, மை தீர்ந்த பால்பாயின்ட் முனையால் காகிதத்தில் கீறிவிடுங்கள். மேலே எச்பியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் பள்ளம் வெள்ளையாக நிற்கும். ஒரு ஓரத்தில் மட்டும் கூர்மையான 2பி கோடு கொடுத்தால் ஆழம் வந்துவிடும். கை பிடித்துப் பிடித்து எண்ணெய் ஏறிய இடம் கருத்து வழவழப்பாக இருக்கும். அங்கே மர ரேகையைக் குறையுங்கள். இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

கேள்வி: வரைந்த பொருள் தரையில் உட்காராமல் மிதக்கிறது.

பதில்: தரையைத் தொடும் இடத்தில் மயிரிழை அகலத்துக்கு அடர்கருப்பு இல்லை. அதைப் போடுங்கள். விலக விலக நிழல் வெளிறி, ஓரம் கலையட்டும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒற்றை பல்பு வைத்தால் நிழல் தெளிவாகத் தெரியும். வலது கைக்காரர்கள் விளக்கை இடப்பக்கம் வையுங்கள், கை நிழல் படத்தில் விழாது.