தேனும் கருஞ்சீரகமும்: காய்ச்சலுக்கு எவ்வளவு, யாருக்கு?

கேள்வி: வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சளிக்காய்ச்சல். கருஞ்சீரகப் பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிட்டால் வைரஸ் செத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. நம்பலாமா? எந்த அளவில் எடுப்பது? (ஈரோடு வாசகி)

பதில்: அந்தச் செய்திக்கு வேர், 2020-இல் பாகிஸ்தானில் 313 கோவிட் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு. உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் தேன், 80 மில்லிகிராம் கருஞ்சீரகம் என்று கணக்கிட்டு, தினமும் பிரித்துப் பிரித்து, அதிகபட்சம் 13 நாள் கொடுத்தார்கள். நடுத்தரப் பாதிப்பு இருந்தவர்களுக்குத் தொந்தரவுகள் 4 நாளில் அடங்கின. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 7 நாள் ஆனது. நல்ல முடிவுதான். ஆனால் வாட்ஸ்அப் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: இரு பிரிவினருக்கும் வழக்கமான சிகிச்சையும் கூடவே நடந்தது. கோவிட்டில் கிடைத்த முடிவை டெங்குவுக்கோ ஃப்ளூவுக்கோ அப்படியே பொருத்தவும் முடியாது.

60 கிலோ எடையுள்ளவருக்கு அந்தக் கணக்கில் நாளொன்றுக்கு 60 கிராம் தேன், ஏறக்குறைய 5 கிராம் கருஞ்சீரகம் வரும். சாதாரணச் சளிக்கு இவ்வளவு வேண்டாம். பெரியவர்களுக்குக் கால் தேக்கரண்டிப் பொடி, ஒரு தேக்கரண்டித் தேன், காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பின், ஐந்து நாள் போதும். இதில் தொண்டை இதமாகும், இருமல் தணியும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

பொடி செய்வதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். விதையில் கல், தூசி பார்த்துப் புடைத்து, வெறும் வாணலியில் சிறு தீயில் ஒன்றிரண்டு நிமிடம் புரட்டினால் போதும். விதை ஏற்கெனவே கறுப்பு; நிறத்தைப் பார்த்துப் பதம் சொல்ல முடியாது. மூக்கைத்தான் நம்ப வேண்டும். ஓமம் போன்ற காரமான வாசனை எழுந்ததும் அடுப்பை அணைத்து, விதையைத் தட்டில் கொட்டிவிடுங்கள். சூடான வாணலியிலேயே விட்டால் தொடர்ந்து வறுபட்டுக் கருகும். வெறும் கசப்புதான் மிஞ்சும். இந்த விதையின் முக்கியச் சத்தான தைமோகுவினோன் எளிதில் ஆவியாகக்கூடியது என்பதால், நன்றாக ஆறிய பிறகே இடிக்க வேண்டும். விதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் இருக்கிறது. மொத்தமாகப் பொடித்து வைத்தால் சிக்குவாடை வந்துவிடும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடித்துக் கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். தேனை அடுப்பில் ஏற்றாதீர்கள். வெந்நீரில் கலப்பதானால் வாய் பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும்.

கேள்வி: கடையில் கேட்டால் ஆளுக்கொரு கறுப்பு விதையைத் தருகிறார்கள். எது சரியானது? (விருதுநகர் வாசகர்)

பதில்: உள்ளங்கையில் பத்து விதையைப் போட்டுப் பாருங்கள். கருஞ்சீரகம் பளபளப்பில்லாத கறுப்பு, மேலே சொரசொரப்பு, முக்கோண முனைகள். நகத்தால் நசுக்கினால் உள்ளே வெள்ளையாக, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். நீளமாக, வளைந்து, கோடுகளோடு இருந்தால் அது சாஜீரா, பிரியாணிக்குப் போகட்டும். காட்டுச்சீரகமும் வேறு சரக்கு. வெங்காய விதை பார்வைக்கு அச்சு அசல் இதைப்போலவே இருக்கும். விதைப்புக்கு விற்கும் வெங்காய விதையில் பூஞ்சாணக் கொல்லி பூசியிருப்பார்கள் என்பதால், விதைக் கடையில் வாங்கி வாயில் போட்டுவிடாதீர்கள்.

தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது எதுவும் கலப்படத்தைக் காட்டாது. அடியில் உறைந்த தேன் கெட்டதும் அல்ல. வெதுவெதுப்பான நீரில் புட்டியை நிறுத்தினால் இளகிவிடும்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்கு இருமல். உரை மருந்தைத் தேனில் குழைத்துத் தரச் சொல்கிறார் மாமியார். தரலாமா? மூத்தவளுக்கு நான்கு வயது. (தஞ்சாவூர் வாசகி)

பதில்: எட்டு மாதத்துக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. சேனை தொட்டு வைக்கும் வழக்கத்திலும் தேன் வேண்டாம். தேனில் போட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் விதைத்துகள்கள் இருக்கலாம். வீட்டில் கொதிக்க வைத்தாலும் அவை சாகா. ஒரு வயது நிரம்பாத குடலில் அவை வளர்ந்து நஞ்சைச் சுரக்கும். மலச்சிக்கல், பால் உறிஞ்சத் திணறல், மெலிந்த அழுகை, தொங்கும் இமை, தலை நிற்காமல் துவளுவது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மாமியாரிடம் இதையே பக்குவமாகச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்.

மூத்தவளுக்குத் தூங்கப் போகும் முன் அரைத் தேக்கரண்டித் தேன், பிறகு வாயைக் கொப்பளிக்க வையுங்கள். அமெரிக்காவில் 105 பிள்ளைகளிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில் 2 முதல் 5 வயதுக்கு இதே அளவுதான் தந்தார்கள். இரவு இருமல் குறைந்தது. கருஞ்சீரகம் அவளுக்கு வேண்டாம்.

கேள்வி: சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுக்கிறேன். நானும் சாப்பிடலாமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். ஒரு தேக்கரண்டித் தேனில் ஏறக்குறைய 6 கிராம் சர்க்கரை. கருஞ்சீரகமோ சர்க்கரையையும் அழுத்தத்தையும் தானும் கொஞ்சம் இறக்கும். மாத்திரையோடு சேரும்போது தலைசுற்றல் வரலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் மருந்து அளவில் இதைத் தொடக் கூடாது.

யாராயிருந்தாலும், காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாவிட்டால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்கும்: விடாத வயிற்றுவலி, அடுத்தடுத்து வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, துவண்டு கிடப்பது. டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் மாத்திரைகளைத் தவிர்த்து, அளவோடு பாராசிட்டமால் மட்டும் எடுங்கள்.