வால்மார்ட் போன்ற பெரிய நிறுவனங்கள் அமெரிக்காவில் ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்ட) மக்களுக்கென்று தனி மளிகைக்கடை திறந்தும் ஏன் ஓடவில்லை? அதே ஊரில் மற்ற கடைகள் எப்படி நன்றாக ஓடுகின்றன?

பாதி சரியான கேள்வி. அந்தத் தனிக்கடைகள் ஓடவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த வாடிக்கையாளர்கள் வால்மார்ட்டை விட்டுப் போய்விடவில்லை. சோப்பு, டயாபர், எண்ணெய், பள்ளிக்கூடப் பை எல்லாம் சாதாரண வால்மார்ட்டில்தான் வாங்குகிறார்கள். கறியும் காய்கறியும் மாவும் வாங்கத்தான் வேறு கடைக்குப் போகிறார்கள். அது ஏன் என்பதில்தான் பதில் இருக்கிறது.

நான் இருப்பது ஹூஸ்டன். எந்தக் கிளைக்கு எந்தச் சரக்கை எப்போது எவ்வளவு அனுப்புவது என்று கடைகளுக்குக் கணக்குப் போட்டுத் தரும் மென்பொருளில்தான் என் பிழைப்பு. வீட்டுக்குக் காய்கறி வாங்குவதும் நான்தான். அதனால் இந்த விஷயத்தை இரண்டு பக்கமும் நின்று பார்க்க வாய்த்தது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2009 ஏப்ரலில் ஹூஸ்டனின் ஸ்பிரிங் பிராஞ்ச் பகுதியில் ‘சூப்பர்மெர்காடோ தே வால்மார்ட்’ திறந்தது. புதிதாகக் கட்டிய கடை இல்லை. அங்கே ஏற்கெனவே இருந்த 39,000 சதுர அடி வால்மார்ட் மளிகைக் கடையைத்தான் மாற்றியமைத்தார்கள். அதே வருடம் அரிசோனாவின் பீனிக்ஸில் இன்னொன்று. மொத்த விலைக் கடையான சாம்ஸ் கிளப்பின் பாணியில் ‘மாஸ் கிளப்’ என்று ஒன்றும் ஹூஸ்டனில் வந்தது. 2014-இல் மூன்றுமே மூடப்பட்டன. வேடிக்கை என்னவென்றால், வால்மார்ட்டுக்கு மெக்சிகோ புதிய இடமே இல்லை. 1991-லிருந்து அங்கே கடை நடத்துகிறது. அந்த நாட்டின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனமே அதுதான். ஆகவே ‘அந்த மக்களின் சாப்பாடு தெரியாமல் தோற்றார்கள்’ என்று சொன்னால் அது நிற்காது.

இது முதல் முயற்சியும் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் வான்ஸ் என்ற மளிகைக் கடை நிறுவனம் 1987-லேயே மான்டிபெல்லோவில் ‘தியாங்கிஸ்’ என்ற பெயரில் இப்படி ஒரு கடையைத் திறந்து, கிளைகளும் விட்டது. அந்தப் பெயர் இப்போது இல்லை. ஃபுளோரிடாவில் வின்-டிக்ஸி என்ற மளிகைக் கடைகளின் தாய் நிறுவனம் 2016-இல் ‘ஃப்ரெஸ்கோ இ மாஸ்’ தொடங்கி, சில வருடங்களில் அந்தக் கடைகளை வேறு கைக்கு விற்றுவிட்டது.

சரி, காரணத்துக்கு வருவோம். இனி சொல்வது என் கணிப்பு.

டிசம்பர் 23, 24 தேதிகளில் ஹூஸ்டனில் ஏதாவது ஒரு மெக்சிகன் கடைக்குப் போய்ப் பாருங்கள். கடையின் பின்கோடியில், மாவு விற்கும் இடத்திலிருந்து ஒரு வரிசை கிளம்பி குளிர்பானம் அடுக்கியிருக்கும் இடம் வரை வளைந்து நிற்கும். எல்லோரும் மாசா என்ற சோள மாவு வாங்க நிற்பவர்கள். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் தமாலே (மாசாவுக்குள் கறி வைத்து, சோளத்தோகையில் சுற்றி அவிப்பது) செய்யாவிட்டால் அவர்களுக்குப் பண்டிகையே இல்லை. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, கழுவி அரைத்தால் மாசா. பன்றிக் கொழுப்பும் உப்பும் பிசைந்து தயாராக வைத்திருப்பது ஒரு வகை, வெறும் மாவு இன்னொரு வகை. பெரிய பிளாஸ்டிக் பைகளில் கட்டிக் கொடுப்பார்கள். முன்னால் நிற்கும் பாட்டி பையை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “இன்றைக்கு அரைத்ததுதானே?” என்று ஸ்பானிஷில் கேட்பார். பக்கத்திலேயே காய்ந்த சோளத்தோகைக் கட்டுகள், நீளமும் உருண்டையுமாக நாலைந்து வகை வற்றல் மிளகாய், அந்தப் பக்கம் பன்றித் தோள்கறி. பாட்டியின் வண்டி நிரம்பப் பத்து நிமிடம் போதும்.

மாசா நம் இட்லி மாவு மாதிரிதான். அன்றன்றைக்கு அரைக்க வேண்டும், வெளியே வைத்தால் புளித்துப்போகும், கை பழகியவருக்குத் தொட்டதுமே நாள் தெரிந்துவிடும். இருநூறு மைல் தள்ளி இருக்கும் கிடங்கிலிருந்து லாரியில் ஏற்றி அனுப்பும் சரக்கு இல்லை. கடைக்குள்ளேயே அரைவை இயந்திரமும் அதை ஓட்டத் தெரிந்த ஆளும் வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துத் தெருவில் ஒரு தோர்த்தியா (மெக்சிகன் ரொட்டி) பட்டறையோடு தினசரி கணக்கு வேண்டும். ஊரெங்கும் கிளைகள் உள்ள பெரிய சங்கிலிக் கடைக்கு இரண்டுமே தலைவலி. மசேக்கா போன்ற உலர்ந்த மாவுப் பொட்டலம் என்றால் அதற்குச் சௌகரியம்: மாதக்கணக்கில் கெடாது, பார்கோடு இருக்கும், என்னைப் போன்றவர்கள் எழுதும் மென்பொருளே எத்தனை பெட்டி என்று கணக்குப் போட்டுவிடும். பாட்டியும் வருடத்தின் மற்ற நாட்களில் அந்தப் பொட்டலத்தை வாங்குபவர்தான். ஆனால் ‘என் கடை’ என்று அவர் நினைப்பது எது என்பதை டிசம்பர்தான் முடிவு செய்கிறது.

அடுத்தது கறி. மெக்சிகன் கடையில் பெரும்பாலும் பாதிக் கூட்டம் கறிக்கடை முன்னால்தான் இருக்கும். ஒருவர் மாட்டிறைச்சியைக் காகிதம் போல மெல்லியதாகச் சீவச் சொல்வார், ஒருவர் மசாலா ஊறிய துண்டு கேட்பார், ஒருவருக்கு நாக்கு, ஒருவருக்கு குடல். எண் போட்ட சீட்டை எடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வெட்டுகிறவருக்கு வாடிக்கையாளரின் பெயர் தெரியும், அந்த வீட்டில் எத்தனை பேர் என்பதும் தெரியும். இப்போது வால்மார்ட் பக்கம் பாருங்கள். 2000-இல் இதே டெக்சாஸில் ஜாக்சன்வில் என்ற ஊரில், வால்மார்ட் கிளை ஒன்றில் கறி வெட்டும் பத்துப் பேர் தொழிற்சங்கம் வேண்டுமா என்று வாக்களித்து, ஏழுக்கு மூன்று என்று வேண்டும் என்றார்கள். இரண்டு வாரத்துக்குள், இனி ஆலையிலேயே வெட்டிப் பொட்டலம் கட்டிய கறிதான் வரும், கடைகளில் வெட்டும் வேலை இருக்காது என்று வால்மார்ட் அறிவித்தது. இது முன்பே போட்ட திட்டம், வாக்கெடுப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர்கள் சொன்னது. காரணம் எதுவாகவும் இருக்கட்டும். வெட்டுகிறவர் இல்லாமல் விலையைக் குறைப்பதுதான் அந்த நிறுவனத்தின் ரத்தத்தில் ஓடும் பழக்கம். அப்படிப்பட்ட நிறுவனம் ஒன்பது வருடம் கழித்து, வெட்டுகிறவரை நம்பி நடக்கும் ஒரு வியாபாரத்தில் இறங்கியது.

காய்கறியிலும் இதே கதைதான். தோல் மூடிய பச்சைத் தக்காளி போன்ற டொமட்டியோ, முள் சீவிய சப்பாத்திக்கள்ளி மடல், மலையாகக் குவித்த கொத்தமல்லி, இன்றைக்குச் சாப்பிட ஒரு குவியலும் மூன்று நாள் கழித்துச் சாப்பிட ஒரு குவியலுமாகப் பிரித்து வைத்த அவகாடோ. இந்தக் குவியல் பிரிக்கும் வேலையை எந்த மென்பொருளும் செய்வதில்லை (என்னுடையது உட்பட). விடிவதற்கு முன் மொத்தச் சந்தைக்குப் போய், பெட்டியைத் திறந்து பார்த்து, பேரம் பேசி எடுத்து வரும் ஆள்தான் செய்கிறார். சங்கிலிக் கடையில் இந்த முடிவுகள் தலைமை அலுவலகத்தில் எடுக்கப்படும். ரேக்கில் எது எங்கே என்ற படமும் அங்கிருந்துதான் வரும். கிளை மேலாளர் பாவம், படத்தில் இல்லாத ஒரு கிழங்கை வைக்க வேண்டும் என்றால் மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போட வேண்டும்.

அப்புறம், ‘ஹிஸ்பானிக்’ என்று ஒரு வாடிக்கையாளர் கிடையாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 6.21 கோடிப் பேர், அதாவது நாட்டில் 18.7 சதவீதம், இந்தப் பெயருக்குக் கீழே வருகிறார்கள். தலைமை அலுவலகத்தின் திரையில் இது ஒரே கட்டம். கடைக்குள் பயறு வரிசைக்கு வந்தாலே அந்தக் கட்டம் உடைந்துவிடும். மயாமியில் கியூபாக்காரருக்குக் கறுப்புப் பயறு. போர்த்தோ ரிக்கோக்காரருக்கு இளஞ்சிவப்பும் துவரையும். எங்கள் ஊர் மெக்சிகோக்காரருக்குப் புள்ளி போட்ட பிண்டோ. எல் சால்வடார்க்காரருக்குச் சின்னச் சிவப்புப் பயறு. சோழவந்தான்காரருக்கும் லூதியானாக்காரருக்கும் சேர்த்து ‘இந்திய மாவு’ என்று ஒரே மூட்டையை இறக்கினால் எப்படி இருக்கும்! 1936-இல் நியூயார்க்கில் தொடங்கிய கோயா நிறுவனம் இந்த வேறுபாட்டை வைத்தே வளர்ந்தது. இன்று 2,500-க்கும் மேற்பட்ட பொருட்கள் விற்கிறது. எந்தத் தெருவில் எந்த நாட்டுக்காரர் குடியேறுகிறார் என்று பார்த்து, சின்னப் பெட்டிக்கடை வரைக்கும் நேராகச் சரக்கு இறக்குவது அவர்கள் வழக்கம்.

இனி ஓடுகிற கடைகள். ஹூஸ்டனில் ஃபியஸ்டா 1972-லிருந்து இருக்கிறது. தொடங்கிய இருவரும் (டொனால்ட் போனம், ஓ.சி. மெண்டன்ஹால்) லத்தீன் அமெரிக்கர்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே ‘நம்ம ஆள் நடத்தினால்தான் ஓடும்’ என்பதும் முழு உண்மை இல்லை. கடைக்குள்ளேயே ஊருக்குப் பணம் அனுப்பும் கவுண்டர், கைப்பேசிக் கடை, நகைக் கடை என்று வாடகைக்கு விட்டு, ஒரு சந்தை போலவே அதை வளர்த்தார்கள். சியோல்காரர், லாகோஸ்காரர், மதுரைக்காரர் யார் வந்து எதைக் கேட்டாலும் அடுத்த முறை அது இருக்க வாய்ப்பு உண்டு. பல கை மாறி, 2018-இல் மெக்சிகோவின் செத்ராவி நிறுவனத்திடம் போனது. 2021-இல் ஸ்மார்ட் அண்ட் ஃபைனல் என்ற அமெரிக்க மளிகைக் கடைகளையும் வாங்கிய அதே செத்ராவிதான். அமெரிக்க நிறுவனங்கள் மெக்சிகன் கடை திறந்து மூடிக்கொண்டிருக்க, மெக்சிகன் நிறுவனம் வந்து அமெரிக்கக் கடைகளை வாங்கிக்கொண்டிருக்கிறது.

பெரிய நிறுவனமாக இருந்தும் தேறியது ஹெச்-இ-பி என்ற டெக்சாஸ் சங்கிலிக் கடை. சான் அன்டோனியோக்காரர்கள். 2006-இல் ஹூஸ்டன் ஓரத்துப் பாசடீனாவில் ‘மி தியெந்தா’ என்று தனிக்கடை திறந்தார்கள், 2011-இல் இரண்டாவது. தனிக்கடையை அதற்கு மேல் பரப்புவதில் அவர்கள் பெரிதாக அவசரம் காட்டவில்லை. அவர்களுடைய பலம் சாதாரணக் கடைகளில் இருக்கிறது. தெற்கு டெக்சாஸில் எந்த ஹெச்-இ-பி-க்குள் நுழைந்தாலும் சூடான தோர்த்தியா வாசனை வரும். ஜனவரி 6 (மூன்று ராஜாக்கள் திருநாள்) நெருங்கும்போது, உள்ளே குழந்தை பொம்மை ஒளித்து வைத்த வளைய ரொட்டி வாசலிலேயே அடுக்கியிருக்கும். 1997-லிருந்து மெக்சிகோவின் மான்டெர்ரேயிலும் கடை நடத்துகிறார்கள். மெக்சிகன் வாடிக்கையாளரைத் தனியறையில் உட்காரவைக்காமல் கூடத்திலேயே இலை போட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்து இதுதான் சரியான வழி. மூன்றாம் தலைமுறைக்காரர் ஆங்கிலம் மட்டும்தான் பேசுவார், ஆனால் டிசம்பரில் மாசா வேண்டும் என்பார். அவருக்கு ஸ்பானிஷ் பெயர்ப்பலகை எதற்கு?

கலிஃபோர்னியாவில் குடும்பக் கடைகள்தான் ராஜா. 1980-இல் அனஹைமில் ஒரு சின்ன மதுக்கடையை வாங்கித் தொடங்கியது நார்த்கேட். கார்டினாஸ் 1981, வயார்த்தா 1985. நார்த்கேட் 2023-இல் கோஸ்டா மேசாவில் திறந்த ‘மெர்காடோ கொன்சாலஸ்’ ஒரு மெக்சிகன் சந்தையையே கூரைக்குள் கொண்டுவந்து வைத்தது போன்றது; சுரோ என்ற பொரித்த இனிப்புக்குத் தனிக் கடை, தமாலேவுக்குத் தனிக் கடை. கார்டினாஸை மட்டும் 2022-இல் அப்போலோ என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கிவிட்டது. கணக்குப் பார்த்துக் கறி வெட்டுகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் யோசனை அங்கே வந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும்.

மற்ற இனக் கடைகளைப் பற்றிச் சுருக்கமாக. கொரிய ஹெச் மார்ட் 1982-இல் நியூயார்க் வுட்சைடில், தைவான்காரர் ஒருவரின் 99 ராஞ்ச் 1984-இல் கலிஃபோர்னியா வெஸ்ட்மின்ஸ்டரில், நம் பட்டேல் பிரதர்ஸ் 1974-இல் சிகாகோ டெவன் அவென்யூவில். மூன்றுமே ஒரு தெருக்கடையாகத் தொடங்கிப் பல மாநிலங்களுக்குப் பரவியவை. பாசுமதி, நெய், நான் ரொட்டி இவற்றைப் பெரிய கடைகள் சுலபமாக எடுத்துக்கொண்டன. மூட்டையிலும் டப்பாவிலும் வருவதால் கிடங்கு முறைக்கு ஒத்துவரும். கறிவேப்பிலையைப் பெரும்பாலும் தொடவில்லை. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலைச் செடியில் தங்கும் என்பதால், அதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பக் கடும் கட்டுப்பாடு உண்டு. அந்தத் தொல்லையோடு மல்லுக்கு நிற்க இந்தியக் கடைக்காரர்தான் தயார்.

ஹூஸ்டனுக்கு வரும் தமிழர்களுக்கு: கறிவேப்பிலை, முருங்கைக்காய்க்கு இந்தியக் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்ட் போங்கள். சௌசௌ, மரவள்ளி, வாழைக்காய், கொய்யா, புளி, கொத்தமல்லி இதெல்லாம் ஃபியஸ்டா போன்ற கடைகளில் பெரும்பாலும் மலிவு. சௌசௌ அவர்கள் ஊர்க் காய்தான், அதனால் எப்போதும் புதிதாக இருக்கும். சனிக்கிழமை மதியம் மட்டும் போகாதீர்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.