திரவக் கலவையில் சூடும் குளிரும்: கேள்வி பதில்

கேள்வி: சூட்டையும் குளிரையும் சேமிக்கத் தண்ணீரே போதாதா, எதற்குக் கலவை?

போதும், 0 முதல் 100 டிகிரிக்குள் உங்கள் வேலை முடிந்துவிடும் என்றால். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும். இந்த விஷயத்தில் சாதாரணத் திரவங்களில் தண்ணீரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்த எல்லையைத் தாண்டும்போதுதான் கலவை.

கேள்வி: குளிர்த் தொட்டியில் தண்ணீர் உறையாமல் இருக்கச் சேர்க்கும் கிளைக்கால் திரவத்தை நிறைய ஊற்றினால் நல்லதுதானே?

இல்லை. எத்திலீன் கிளைக்காலைத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. ஆனால் தூய கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும்! தவிர, கலக்கக் கலக்க வெப்பம் ஏற்கும் திறன் குறைகிறது, திரவம் கொழகொழத்துப் பம்பு திணறுகிறது. தொட்டி எவ்வளவு குளிருமோ, அதற்குச் சில டிகிரி கீழே உறையும்படி கலந்தால் சரி.

கேள்வி: கிளாபர் உப்பை (தனக்குள் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் சோடியம் சல்பேட் படிகம்) உருக்கிச் சூட்டைச் சேமித்துப் பார்த்தேன். சில சுற்றுகளுக்குப் பிறகு பாதி சூடுகூடத் திரும்பவில்லை. ஏன்?

விஞ்ஞானி மரியா டெல்கெஸ் பட்ட அதே பாடுதான். 1948இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், டோவர் என்ற ஊரில், வெயிலின் சூட்டை இந்த உப்பில் சேமிக்கும் வீடு ஒன்றை அமைத்தார். சில குளிர்காலங்களிலேயே அது படுத்துவிட்டது. உப்பு 32.4 டிகிரியில் உருகும்போது, தன்னிடமிருந்து வெளிவரும் தண்ணீரில் முழுதாகக் கரைவதில்லை. கரையாத மிச்சம் அடியில் தங்கும். ஆறும்போது மேலே தண்ணீர், கீழே உப்பு. இரண்டும் சேர்ந்தால்தானே சூடு திரும்பும்? ஆழமான பீப்பாயை விட்டுவிட்டு மெல்லிய தட்டுகளில் ஊற்றுங்கள், கெட்டிப்படுத்தும் பொருள் ஏதாவது சேருங்கள். அப்புறம், உருகுநிலைக்குக் கீழே போயும் உறையாமல் அடம்பிடித்தால் கொஞ்சம் வெண்காரம் போடுங்கள். படிகம் பிடிக்க அது தொடக்கப் புள்ளி. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் பாதித் தலைவலி உப்பு பிரிவதுதான்.

கேள்வி: சூரிய மின் நிலையங்களில் என்ன கலவை?

சோடியம் நைட்ரேட் 60, பொட்டாசியம் நைட்ரேட் 40 பங்கு. 290 டிகிரித் தொட்டியிலிருந்து, வெயிலில் சூடேறி, 565 டிகிரித் தொட்டிக்கு உருகிய நிலையிலேயே ஓடும். ஸ்பெயினின் ஹெமாசோலார் நிலையத்தில் 15 மணி நேரத்துக்கான சேமிப்பு உண்டு. குழாயில் உறைந்தால்தான் பெரும்பாடு.

கேள்வி: மாதக்கணக்கில் சேமிக்க முடியுமா?

சூடான தொட்டியாக என்றால் சிறிய அளவில் கஷ்டம். எவ்வளவு மூடினாலும் சூடு கசியும். வேறு வழி இருக்கிறது. காஸ்டிக் சோடாக் கரைசலிலிருந்து வெயில் நாளில் தண்ணீரை ஆவியாக்கிவிட்டு, அடர்ந்த கரைசலை ஆறவிட்டு வைக்கலாம். குளிர்காலத்தில் நீராவியை உறிஞ்சவிட்டால் சூடு பிறக்கும். இடைப்பட்ட மாதங்களில் இந்தச் சேமிப்பு கசிவதில்லை. ஆனால் வீட்டுப் பரிசோதனை வேண்டாம். ஒரு துளி பட்டாலும் கண் போய்விடலாம்.