வாசகர் கேள்வி – பதில்: முதலில் தராசு, பிறகு திட்டம்

கேள்வி: எங்கள் நகர சபைக்கு நான் புதிய உறுப்பினர். சுற்றாடல் திட்டமொன்று தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். குப்பை, தண்ணீர், மண்சரிவு, மரநடுகை என்று ஆளுக்கொன்றைச் சொல்கிறார்கள். எதில் கைவைப்பது?
– தலவாக்கலை வாசகர்

பதில்: மரநடுகையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். படம் எடுக்க வசதி என்பதால்தான் அதில் தொடங்க எல்லோருக்கும் ஆசை. ஆள், ட்ராக்டர், டீசல் என்று சபையின் காசு தினமும் கரைவது குப்பையில். எனவே முதலில் அதைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

சந்தை நாளும் உள்ளடங்குகிற மாதிரி தொடர்ந்து 7 நாள் நிறுக்க வேண்டும். ட்ராக்டரையே ஏற்றி நிறுக்கும் தராசு தேவையில்லை. 200 லீற்றர் பீப்பாய் ஒன்றை வெறுமனே நிறுத்துக்கொள்ளுங்கள். அதில் குப்பையை நிரப்பி, ஒரு சாண் உயரத்திலிருந்து மூன்று முறை நிலத்தில் போட்டு, இறங்கிய இடத்தையும் நிரப்பி மறுபடி நிறுங்கள். தராசுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கேட்டுப் பாருங்கள். குப்பை மட்டும் 70 கிலோ என்றால் ஒரு கன மீற்றருக்கு 350 கிலோ. ட்ராக்டர்ப் பெட்டி 3 மீற்றர் நீளம், 1.5 அகலம், 0.6 உயரமானால் 2.7 கன மீற்றர். ஒரு லோடு சுமார் 945 கிலோ. மழையில் நனைந்த லோடு கணக்கைக் கெடுக்கும், படங்கு போட்டு மூடுங்கள்.

அடுத்தது தரம் பிரித்தல். ஒரு லோடைக் கொட்டிக் கலந்து நான்காகப் பிரியுங்கள். எதிரெதிர்ப் பங்கு இரண்டை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மீண்டும் கலந்து பிரியுங்கள். 100 கிலோ அளவுக்கு வந்ததும் உக்குவது, பிளாஸ்டிக், கடதாசி, போத்தல்–தகரம், ஆபத்தானவை என்று பிரித்து நிறுங்கள். ஊசியும் உடைந்த பல்பும் கிடக்கும். தடித்த கையுறையும் பூட்ஸும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். நம் ஊர்களில் பாதிக்கு மேல் உக்கும் குப்பையாகத்தான் வரும். அதைப் பிரித்தெடுத்தால் குப்பைமேட்டுக்குப் போகும் லோடு எத்தனை குறையும் என்பதுதான் உங்கள் முதல் இலக்கம்.

பலர் தவறுவது ஒரு இடத்தில்: ட்ராக்டரில் ஏறாத குப்பையைக் கணக்கில் எடுப்பதில்லை. லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, பின்னால் கொட்டுவதும் ஓயாவுக்குள் போவதும் அதுதான். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தின் பிரதி ஒன்றில் கான் முடியும் இடம், பீலி (சனம் தண்ணீர் பிடிக்கும் ஊற்று), மரக்கறிச் சந்தை, குப்பைமேடு நான்கையும் குறியுங்கள். பீலிக்கு மேலே குப்பைமேடு இருந்தால் வேறு விவாதம் வேண்டாம், அதுவே முதல் வேலை. 2017 ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்லையில் சரிந்து உயிர்களைக் கொண்டுபோன மேடு இருந்தது கொழும்பின் தாழ்நிலத்தில். சரிவில் கிடக்கும் மேட்டுக்குள் மழைத்தண்ணீர் இறங்கினால் ஆபத்து இன்னும் கூட.

கடைசியாக, ஒவ்வொரு வேலைக்கும் யார், எப்போதைக்குள், எவ்வளவு காசு என்று எழுதி வருடாந்த வரவு செலவுத் திட்டத்தில் ஏற்றுங்கள். அதில் ஏறாத திட்டம் அலுமாரிக்குத்தான் போகும்.

கேள்வி: சந்தைக் கழிவில் கூட்டெரு போட்டோம். நாற்றம் தாங்காமல் அயலவர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.
– நுவரெலியா வாசகர்

பதில்: கோவா, லீக்ஸ், கரட் இலை எல்லாம் பெரும்பாலும் தண்ணீர், நைதரசனும் கூட. தனியே குவித்தால் அமுங்கி, காற்றில்லாமல் அழுகும். நறுக்கி, இரண்டு கூடை இலைக்கு ஒரு கூடை உலர்ந்த மானாப்புல்லோ மரத்தூளோ கலந்து பாருங்கள். மருந்தடித்த பலகையின் தூள் வேண்டாம். ஒரு பிடியை அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம். வழிந்தால் இன்னும் உலர்ந்தது போடுங்கள்.

குவியல் 1.5 மீற்றர் உயரம் இருக்கட்டும். உங்கள் குளிரில் 1 மீற்றருக்குக் குறைந்தால் சூடு தங்காது. உள்ளே 55 – 65 பாகை செல்சியஸ் நிற்க வேண்டும். சூடு இறங்கியதும் புரட்டுங்கள். கூரை கட்டாயம். வடியும் நீரைக் கானுக்கு விடாமல் சிறு தொட்டியில் பிடித்து, புதுக்குவியலில் ஊற்றுங்கள்.

கேள்வி: தோட்டங்களுக்குப் பிரதேச சபை செலவழிக்க முடியாது என்கிறார்களே?
– மஸ்கெலியா வாசகர்

பதில்: பழைய கதை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டு அந்தத் தடை தளர்ந்துவிட்டது. லயங்களையும் குப்பைக் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: மண்சரிவையும் சபைத் திட்டத்தில் சேர்க்கலாமா?
– பண்டாரவளை வாசகர்

பதில்: 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தையின் மீரியபெத்த தோட்டம் மண்ணுக்குள் போன பிறகும் இந்தக் கேள்வியா? வட்டாரத்துக்கு ஒரு மழைமானி வைத்து, அளவைக் குறிக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார், 150 தாண்டினால் வெளியேற்றம். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற்றம்தான். வெடிப்பு கண்டாலோ, பீலித்தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ இலக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். கான்களை செப்டெம்பர் முடிவதற்குள் துப்புரவாக்குங்கள். வீதித் தண்ணீரை மதகு வழியே வெறும் சரிவில் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விட்டிருந்தால் கல் பாவிய கான் கட்டி, கீழே ஓடை வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.