அந்த ராஜினாமாக் கடிதம் ஆறு கிழமை டிராஃப்டிலேயே இருக்கட்டும்

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது. வெள்ளவத்தையில் அம்மாவோடு இருக்கிறேன். வாடகை, அம்மாவின் மருந்து எல்லாம் என் சம்பளத்தில்தான். கோட்டையில் ஒரு சரக்குக் கப்பல் கம்பனியில் ஆவணப் பிரிவில் ஏழு வருடமாக வேலை செய்கிறேன். முன்பு விருப்பத்தோடுதான் போனேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆனாலே நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது. இரவு பத்து மணிக்கும் மனேஜரிடமிருந்து வட்ஸ்அப் வரும். காலையில் ஏதாவது மோட்டிவேஷன் வீடியோ பார்த்துவிட்டு வெளிக்கிடுவேன், ரயில் பம்பலப்பிட்டி தாண்ட முதலே அந்த உற்சாகம் போய்விடும். ராஜினாமாக் கடிதம் எழுதி டிராஃப்டில் வைத்திருக்கிறேன். அனுப்பவா? இல்லை, பழையபடி வேலை செய்ய ஏதாவது வழி இருக்கிறதா?

பதில்: தங்கச்சி, இப்போது அனுப்ப வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதை ஆறுதலாகக் கதைக்கலாம். அது நல்ல வேலை, விடக்கூடாது என்று நான் சொல்லவில்லை, கடைசியில் விடத்தான் வேண்டியும் வரலாம். ஆனால் போனைத் திறந்து, அந்தக் கடிதத்தை எத்தனை மணிக்கு எழுதினீர்கள் என்று பாருங்கள். என்னிடம் உளவளத்துணைக்கு வருகிறவர்கள் காட்டுகிற இப்படியான கடிதங்களில் முக்கால்வாசி இரவு பதினொன்றுக்குப் பிறகு எழுதியவை. அந்த நேரத்தில் இது எப்படியாவது நின்றால் போதும் என்றுதான் மனதுக்குத் தோன்றும், வாடகையும் மருந்தும் கணக்கில் வராது.

அடுத்தது அந்த நெஞ்சடைப்பு. அதை மன அழுத்தம்தான் என்று நானும் முடிவு கட்டக்கூடாது, நீங்களும் கட்டக்கூடாது. இந்தக் கிழமையே ஒரு டொக்டரிடம் காட்டி ஈ.சி.ஜி. எடுங்கள், அதோடு ஹீமோகுளோபின், தைரொயிட், சீனி மூன்றையும் பார்க்க இரத்தம் கொடுங்கள். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைவும் ஆளை இதே மாதிரித்தான் சோரவைக்கும், நாங்கள் அதற்கு மோட்டிவேஷன் இல்லை என்று பெயர் வைத்துவிட்டு வீடியோ பார்த்துக்கொண்டு இருப்போம். எப்போதாவது வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்து மூச்சு முட்டினால், டொக்டரின் நேரம் பார்த்துக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

சரி, உடம்பில் ஒன்றும் இல்லை என்று வந்தால், நீங்கள் எழுதியிருப்பதற்கு மருத்துவ உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறது, பேர்ன்அவுட். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை விவரித்தபோது இது ஒரு நோய் அல்ல, வேலையோடு சேர்ந்து வருகிற ஒரு நிலை என்று தெளிவாகச் சொன்னது. நீண்ட நாள் வேலை அழுத்தத்தைச் சரியாகக் கையாளாமல் விட்டதன் விளைவு அது என்றும் சொன்னது. மூன்று அடையாளங்கள். சக்தி வற்றிப்போவது, வேலையை நினைத்தாலே ஒரு வெறுப்போ விலகலோ வருவது, முன்பு கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலையையே இப்போது சரியாகச் செய்கிறேனா என்று சந்தேகப்படுவது. நம் ஆட்கள் இதை ‘மனம் விட்டுப்போச்சு’ என்று சொல்வார்கள், எனக்கு அந்தச் சொல்தான் இன்னும் சரியாகப் படுகிறது. உங்களுக்கு மனம் விட்டுப்போயிருக்கிறது. சோம்பல் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை மட்டும் நிறுத்துங்கள், சோம்பேறி ஏழு வருடம் ஒரே கம்பனியில் பி.எல். (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பனி கொடுக்கிற பத்திரம்) அடித்துக்கொண்டிருக்க மாட்டாள்.

ஏன் விட்டுப்போனது? வேலை கூடிவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. 1979இல் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் அமெரிக்காவிலும் சுவீடனிலும் எடுத்த கணக்கெடுப்புகளை வைத்து ஒரு விஷயம் சொன்னார், அதைத்தான் நான் இன்றைக்கும் என் அறையில் காகிதத்தில் கீறிக் காட்டுவேன். சுமை எவ்வளவு என்பதோடு, அந்தச் சுமையின் மேல் ஆளுக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எதை முதலில் செய்வது, எப்படிச் செய்வது, எப்போது நிறுத்துவது என்று தானே தீர்மானிக்க முடிகிறவருக்குப் பெரிய சுமையும் தாங்கும். அந்தத் தீர்மானம் ஒன்றும் கையில் இல்லாதவரைத்தான் சுமை உடைக்கும்.

உங்கள் வேலையை இதில் வைத்துப் பாருங்கள். கப்பலின் கட்-ஓஃப், அதாவது சரக்கும் ஆவணமும் கொடுக்க வேண்டிய கடைசி நேரம், உங்கள் கையில் இல்லை. வாடிக்கையாளர் கடைசி நிமிடத்தில் சரக்கின் நிறையை மாற்றி அனுப்புவார், அதுவும் உங்கள் கையில் இல்லை. இங்கே பின்னேரம் ஐந்தரை ஆகும்போது லண்டனில் கோடை காலத்தில் மத்தியானம் ஒரு மணிதான், அங்கே அவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து இருந்து திருத்தம் கேட்கத் தொடங்கும் நேரத்தில் நீங்கள் பையைத் தூக்குகிறீர்கள். பிறகு இரவு பத்துக்கு மனேஜரின் செய்தி. ஒரு நாளில் நீங்களே தீர்மானித்த விஷயம் எது என்று கேட்டால், மத்தியானம் என்ன சாப்பிடுவது என்பது ஒன்றுதான் மிஞ்சும்போல.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவள் இல்லை. இந்தத் துறைக்கு வர முதல் கணக்காய்வு வேலை ஒன்றில் இருந்தேன். மார்ச் மாதக் கணக்கு முடிவு நேரம், மேசை முழுக்கக் கோப்புகள், மேலே இருந்தவர் மணித்தியாலத்துக்கு ஒருதரம் வந்து ‘அதை விட்டுவிட்டு இதைச் செய்’ என்பார். ஒருநாள் 100ஆம் இலக்க பஸ்ஸில் யன்னலோரம் இருந்து, முழித்தபடியே, வெள்ளவத்தையில் இறங்காமல் தெகிவளை தாண்டிப் போய்விட்டேன். நித்திரை இல்லை, கண் திறந்துதான் இருந்தது. பஸ் நிற்கிற ஹோல்ட் எல்லாம் வந்து போனது தெரிந்தது, எழும்புகிற அளவுக்கு எனக்குள் ஒன்றும் இல்லை. அடுத்த கிழமை அவர் மாற்றலாகி வேறொருவர் வந்தார். அவர் செய்தது ஒரே ஒரு விஷயம்: கோப்புகளை எந்த ஒழுங்கில் முடிப்பது என்று என்னையே எழுதித் தரச் சொன்னார், வெள்ளிக்கிழமை மட்டும் பார்த்தார். கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையவில்லை. ஏப்ரல் புது வருடத்துக்கு முதலே நான் பழைய ஆளாகிவிட்டேன்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது, உற்சாகத்தைத் தேடுவதை இப்போதைக்கு விட்டுவிட்டு, எங்கே கொஞ்சம் பிடி கிடைக்கும் என்று தேடுங்கள். முதல் ஒரு கிழமைக்கு ஒன்றும் மாற்ற வேண்டாம், ஒரு சின்னக் கொப்பியில் குறித்து மட்டும் வையுங்கள். வேலை முடிந்த பிறகு வந்த ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரி, எத்தனை மணிக்கு வந்தது, யார் அனுப்பியது, காலை எட்டரைக்குப் பதில் சொல்லியிருந்தால் உண்மையிலேயே கப்பல் அந்தச் சரக்கை விட்டுவிட்டுப் போயிருக்குமா. கடைசிக் கேள்விக்கு நேர்மையாக எழுதுங்கள். சிலது உண்மையில் அவசரமாகத்தான் இருக்கும், உங்கள் தொழிலில் அது இல்லாமல் இருக்காது. ஆனால் என்னிடம் இந்தக் கொப்பியோடு வந்த பலருக்கு ஒரு கிழமையில் அப்படி வந்தது இரண்டோ மூன்றோதான். மற்றதெல்லாம் மனேஜர் தன் மனதில் இருந்ததை மறக்க முதல் உங்கள் மனதுக்குள் போட்டது.

அந்தக் கொப்பியோடு மனேஜரிடம் கதையுங்கள். திங்கட்கிழமை காலை வேண்டாம், கட்-ஓஃப் உள்ள நாளும் வேண்டாம். ‘எனக்குக் களைப்பாக இருக்கிறது’ என்று தொடங்கினால் எல்லோருக்கும்தான் களைப்பு என்று பதில் வரும், கதை அங்கேயே முடிந்துவிடும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘சேர், போன கிழமை இரவில் பதினாலு மெசேஜ் வந்தது, அதில் மூன்றுதான் அன்றிரவே பார்க்க வேண்டியவை. அப்படி அவசரம் என்றால் கோல் எடுங்கள், நான் கட்டாயம் எடுப்பேன். மற்றதைக் காலையில் வந்ததும் முதல் வேலையாக முடித்துத் தருகிறேன்.’ அவர் இழப்பது ஒன்றும் இல்லை, உங்களுக்கோ இரவு திரும்பக் கிடைக்கிறது. இதோடு இன்னொன்றும் கேட்கலாம், பின்னேரத் திருத்தங்களைப் பிரிவில் உள்ளவர்கள் நாள் முறை வைத்துப் பார்ப்பது. முதல் கேள்விக்கு இல்லை என்றாலும் இரண்டாவதற்கு ஓம் வரக்கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை முதல் கதையிலேயே மேசையில் போட வேண்டாம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு கொடுப்பனவு. வருட லீவு 14 நாள், அதில் 7 நாளைத் தொடர்ச்சியாகத் தரவேண்டும், அமைய லீவு 7 நாள். நிறைவேற்றுத் தரத்தில் உள்ளவர்களுக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு இதே மாதிரி வராமல் இருக்கலாம் என்பதால், உங்கள் நியமனக் கடிதத்தில் தரம் என்ன என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

லீவைச் சொன்னதும்தான் ஞாபகம் வருகிறது, கடைசியாக எப்போது ஒரு முழுக் கிழமை எடுத்தீர்கள்? யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ்ஸில் போய், கலியாண வீட்டில் மூன்று நாள் ஓடியாடி, திரும்ப இரவு பஸ்ஸில் வந்து காலையில் நேரே ஒபிஸுக்குப் போனதை லீவில் சேர்க்காதீர்கள்.

இரவுக்கு வருவோம். வீட்டில் இருந்துகொண்டே மனம் ஒபிஸில் நிற்பதுதான் உங்களை அதிகம் தின்கிறது என்று நினைக்கிறேன். முடியாத வேலை மனதுக்குள் திரும்பத் திரும்ப வரும், அது இயல்பு, அதை எங்காவது இறக்கி வைத்தால்தான் விடும். 2018இல் அமெரிக்காவில் 57 இளைஞர்களை வைத்து ஒரு சின்ன ஆய்வு நடந்தது. படுக்க முதல் ஐந்து நிமிடம், அடுத்த நாட்களில் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், அன்று செய்து முடித்ததை எழுதியவர்களைவிட ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முந்தி நித்திரையானார்கள். எவ்வளவு விபரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் நித்திரை வந்தது. நான் இதைப் படுக்கையில் இல்லாமல், ஒபிஸ் மேசையில் கொம்பியூட்டரை மூட முதல் செய்யச் சொல்வேன். ‘ஹம்பேர்க் பி.எல். பார்க்க’ என்று எழுதினால் போதாது. ‘ஹம்பேர்க் பி.எல்., கொன்டெய்னர் இலக்கம் சரிபார்த்து, 9 மணிக்கு முதல் டிராஃப்ட் அனுப்ப’ என்று எழுதுங்கள். எழுதிய தாளை மேசையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கோட்டையிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் ரயில் பெரும்பாலும் கடலை ஒட்டித்தான் போகும். அந்த இருபது நிமிடமாவது போன் பைக்குள் இருக்கட்டும். இடம் கிடைத்தால் கடல் பக்கம் இருங்கள், நெரிசலில் நின்றுகொண்டு வந்தாலும் காற்று முகத்தில் படும். வீட்டுக்கு வந்ததும் போனைக் குசினி அலுமாரியின் மேல், அழைப்புக்குச் சத்தம் கூட்டி, மெசேஜ் சத்தத்தை நிறுத்தி, வையுங்கள். அழைப்பு வந்தால் கேட்கும், மெசேஜ் வந்தால் தெரியாது. காலை அலாரத்துக்குப் புறக்கோட்டையில் ஒரு சின்ன மணிக்கூடு வாங்குங்கள்.

அந்த வீடியோக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை கெட்டவை என்று இல்லை. உற்சாகம் வந்த பிறகுதான் வேலை தொடங்கலாம் என்று அவை பழக்கிவிடுகின்றன, அங்கேதான் எனக்குப் பிரச்சினை. மனம் சோர்ந்தவர்களோடு வேலை செய்கிற எங்களுக்குத் தெரிந்த வரையில் அது மறுபக்கமாகத்தான் நடக்கும். முதலில் சின்னதாக ஒன்றைச் செய்ய வேண்டும், மனம் பின்னால் வந்து சேரும், சில நாள் வராமலும் போகும், பரவாயில்லை. காலையில் மெயிலையும் வட்ஸ்அப்பையும் திறக்க முதல், நேற்றுத் தாளில் எழுதியவற்றில் மிகச் சின்னதை, பத்து நிமிடத்தில் முடிகிறதை, முடித்துவிட்டு அப்புறம் திறந்து பாருங்கள். கஷ்டமானதை முதலில் முடி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், தெம்பாக இருக்கிறவர்களுக்கு அது சரிவரும். உங்கள் நிலையில் உள்ளவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இதற்கெல்லாம் அப்பால், இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரையும் பசியும் குழம்பி, வேலை இல்லாத நாளிலும், விருப்பமான எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அது பேர்ன்அவுட்டைத் தாண்டிப்போன விஷயம், ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழ்ந்து என்ன என்று ஒரு நினைப்பு ஒருதரம் வந்தாலும் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எடுங்கள், இரவோ பகலோ எந்நேரமும் எடுக்கலாம்.

இனிக் கடிதம். இன்றைக்கு ஆறு கிழமை தள்ளி வருகிற சனிக்கிழமையைக் கலண்டரில் வட்டம் போடுங்கள். அதற்கிடையில் இரண்டு இடத்துக்காவது விண்ணப்பம் போடுங்கள், போவதற்காக என்று இல்லை, வேறு கதவு இருக்கிறது என்று தெரிந்தாலே மனேஜரோடு கதைக்கும்போது குரல் நிமிரும். காசுக் கணக்கையும் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதி பெண்களுக்குப் பொதுவாக 50 வயதில்தான் கைக்கு வரும், அதை நம்பி வேலையை விடாதீர்கள். ஆனால் பணிக்கொடை வேறு. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடம் என்றால், ஐந்து வருடம் முடித்த ஒருவர் தானாகவே விலகினாலும் ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் வரவேண்டும், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. உங்கள் ஏழு வருடத்துக்கு மூன்றரை மாதச் சம்பளம். விலகி 30 நாளுக்குள் தரவேண்டும், தராவிட்டால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை காலை, தேத்தண்ணீர் குடித்த பிறகு, கடிதத்தைத் திரும்ப வாசியுங்கள். மனேஜரிடம் கேட்ட இரண்டில் ஒன்றாவது மாறி, ஞாயிறு பின்னேரம் கொஞ்சம் லேசாகியிருந்தால் இன்னும் ஆறு கிழமை கொடுங்கள். ஒன்றுமே மாறவில்லை என்றால் திகதியை மட்டும் மாற்றி அனுப்புங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எதுவானாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அந்த ஈ.சி.ஜி. என்ன சொன்னது என்பதையும் சேர்த்து.