குடும்ப வைத்தியர் ஏன் மரபணு ஆலோசனைக்கு அனுப்புகிறார்?

மரபணு ஆலோசனை என்றால் பரம்பரையாக வரக்கூடிய நோய் உங்கள் வீட்டில் இருக்கிறதா, பிள்ளைக்கு வருமா என்று இரத்தப் பரிசோதனையும் குடும்ப விபரமும் வைத்து விளக்குவது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலேயே இதற்கு ஒரு பிரிவு உண்டு.

அங்கே போகும் வழி பெரும்பாலும் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள ஒரு சின்ன டிஸ்பென்சரியில்தான் தொடங்கும். அம்மம்மா, அம்மா, பிள்ளை என்று மூன்று தலைமுறைக்கும் மருந்து கொடுத்தவருக்குத்தான் சந்தேகம் வரும். பரம்பரையாக வரும் இரத்த நோயான தலசீமியாவை எடுங்கள். இரத்தம் குறைவு, சிவப்பணுக்கள் அளவில் சிறியவை. பார்த்தால் இரும்புச்சத்துக் குறைபாடு மாதிரியே இருக்கும். மாதக்கணக்கில் மாத்திரை குடித்தும் ஏறவில்லையென்றால் கெட்டிக்கார வைத்தியர் அடுத்ததாக ஹீமோகுளோபின் வகையைப் பார்க்கச் சொல்வார்.

இந்த மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வரும். அதை வீட்டுக்கு இரண்டு சாவி இருப்பதாக நினையுங்கள். ஒன்று பழுதானாலும் கதவு திறக்கும். அதுதான் காவி (carrier) நிலை, அதாவது பழுதான மரபணு ஒன்றைச் சுமப்பது. கணவன் மனைவி இருவரும் காவியென்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் இரண்டு பழுதான சாவியும் பிள்ளைக்குப் போய் நோய் வர 4இல் 1 வாய்ப்பு. சொந்தத்துக்குள் ஒரே பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூட. மாமன் மகளைக் கட்டும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் இதைக் கல்யாணத்துக்கு முதலே கேட்பது நல்லது.

சில வைத்தியர்கள் தயங்குவதும் உண்மை. பத்து நிமிடத்தில் இதைச் சொல்லி முடிக்க ஏலாது, சம்பந்தம் குழம்பிவிடுமோ என்ற பயம் வேறு.

அப்புறம், “எங்கள் பரம்பரையில் ஒருவருக்கும் இல்லையே” என்பார்கள். காவிக்குப் பொதுவாக நோய் தெரியாது, அதனால் தலைமுறைகளாக ஒருவருக்கும் தெரியாமலே அது வந்திருக்கலாம்.