காதலை அறிவியல் விளக்கிவிடுமா? அதில் விதிக்கு இடம் உண்டா?

இந்தக் கேள்விக்கு டோபமைன், ஆக்சிடோசின் என்று மூளை வேதிப்பொருள்களைப் பதிலாகச் சொல்லலாம். தப்பில்லை, ஆனால் எனக்கு அது போதவில்லை. வெளிக்கோள்களைப் பார்க்க நாசா அனுப்பிய வாயேஜர் விண்கலங்களின் கதையைச் சொல்கிறேன்.

1977-இல் வானியலாளர் கார்ல் சேகனும் எழுத்தாளர் ஆன் ட்ரூயனும் அந்த விண்கலங்களில் வைக்கத் தங்கத்தட்டு தயாரித்தார்கள்; வேற்றுக்கிரகவாசிகள் யாராவது கேட்டால் கேட்கட்டும் என்று பூமியின் ஒலிகளைப் பதிந்த இசைத்தட்டு அது. (55 மொழிகளில் வாழ்த்து உண்டு, தமிழ் இல்லை!) பழைய சீன இசை ஒன்றைக் கண்டுபிடித்த ஆன், சேகன் தங்கியிருந்த ஹோட்டலுக்குத் தகவல் சொல்லிவைத்தார். சேகன் திருப்பி அழைத்தார். போனை வைப்பதற்குள் கல்யாணமே முடிவாகிவிட்டது. அதுவரை காதலர்களாகப் பழகியதில்லை. இருவருக்கும் வேறு துணை வேறு இருந்தது.

சில நாளில் ஆன் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளைப் பதிந்தார்கள். காதலில் விழுவது எப்படி இருக்கும் என்பதையும் அவர் அப்போது நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரப் பதிவு ஒரு நிமிட ஒலியாகச் சுருங்கித் தட்டில் ஏறியது. கேட்டால் பட்டாசு வெடிப்பதுபோல் படபடக்கும். அதிலிருந்து காதலைப் பிரித்தெடுக்க இன்றைய கருவிகளாலும் முடியாது. அலை கிடைக்கிறது, அனுபவம் கிடைப்பதில்லை.

சரி, விதி? வியாழன் முதல் நெப்டியூன் வரை நான்கு கோள்களும் வாயேஜருக்குத் தோதாக அமைந்தது சுமார் 176 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. நம்ம ஊர் ஜோசியர் கிரகம் கூடிவந்தது என்பார். அந்தக் கூட்டை வருடக்கணக்கில் முன்கூட்டியே கணக்குப் போட முடிந்தது. அந்த போன் காலை எந்தக் கணக்கும் சொல்லவில்லை. அதை விதி என்பதைவிடத் தற்செயல் என்று சொல்லவே எனக்குப் பிடிக்கும். சேகன் 1996-இல் இறந்தார். வாயேஜர் 1 சூரியக் காற்றின் எல்லையை 2012-இல் தாண்டிவிட்டது, தட்டோடு.